கயிற்றுக்கு நாலடி முன்னால்

நீ போன் செய்ததும் முதலில் என் காலைத்தான் விசாரிக்கிறாய். கால் எப்படிம்மா இருக்கு. அதன் பிறகுதான் சாப்பாடு, மழை, கரண்ட் எல்லாம். இரண்டு வருடத்துக்கு மேலாக இந்த வரிசை மாறவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, மிச்சமுள்ள உன் குரலுக்காகக் காத்திருக்கிறேன். உன்மேல் குறையில்லை. ஆனால் சில நாட்கள் போனை வைத்த பிறகு, நீ என் காலோடு பேசிவிட்டுப் போய்விட்டாய் என்றும், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றும் தோன்றும்.

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நேற்று திவ்யா பேசினாள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்னிடம் அதிகம் பேசியதில்லை. மூன்று முறை ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. ஜெர்மனி வேலை வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களா?" என்றாள்.

"அது அவன் சீனியருக்குப் போயிடுச்சுன்னுல்ல சொன்னான்?"

 "அய்யோ. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ அவளைத் திட்டாதே.

பொங்கலன்று காலையில் கரும்பை வெட்டிக்கொண்டே நீ அந்தப் பொய்யைச் சொன்னாய். மூணு வருஷ வேலைம்மா, கிடைக்கல, சீனியருக்குக் குடுத்துட்டாங்க, நல்லதுதான், அங்க குளிர் ஜாஸ்தி. நீ என்னைப் பார்க்கவில்லை. அரிவாளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெட்டுகிறவன் அரிவாளைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் நீ பஸ் ஏறினாய்.

அதற்கு மறுநாள் மாட்டுப் பொங்கல். அதற்கடுத்த நாள், காணும் பொங்கலன்று, நம் தெருவில் வைத்த ஓட்டப்பந்தயத்தில் நான் ஓடினேன்.

உடனே போனை எடுக்காதே. முழுவதும் படி.

கால் முறிந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் நீ ஆஸ்பத்திரியிலிருந்துதான் அறிவாய். அதற்கு முந்தைய சில நொடிகள் என்னிடம் மட்டுமே இருக்கின்றன. புவனகிரியில் தூறல். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி. வெள்ளாற்றுப் பாலம் தாண்டி பஸ் நின்றது. படியிலிருந்து இடது காலைத் தரையில் வைத்தேன். பஸ்ஸுக்கும் சாலையோரத்துக்கும் இடையில் பால் கேன் கட்டிய ஒரு பைக் வந்தது. வலி முதலில் வரவில்லை. முதலில் பால்தான் வந்தது. சாலை முழுக்க வெள்ளையாக ஓடி, மழைத் தண்ணீரோடு கலந்து, என் பையை நனைத்தது. பையில் திருத்தாத கணக்குப் பரீட்சைத் தாள்கள் இருந்தன. அவற்றை யாராவது எடுங்கள் என்று கத்தினேனாம். காலைப் பற்றிப் பேசவே இல்லையாம். என்னைப் பற்றி நான் கேள்விப்பட்டவற்றில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உன்னிடம் காட்டினார். நான் கட்டிலில் படுத்திருந்தேன். என் எலும்பை முதலில் நீதான் பார்த்தாய். அப்போது உன் முகம் மாறியது. உன் அப்பாவின் உடலை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது இருந்த முகம். நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய் அப்போது. 2004. அதே வருடம் நாம் கடலூர் வீட்டைக் காலி செய்து சிதம்பரத்துக்கு வந்தோம். அதே வருடக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. அதற்குப் பிறகு நாம் இருவரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகவில்லை. போக வேண்டாம் என்று பேசி முடிவெடுக்கவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டில் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன.

காலுக்குள் கம்பி வைத்து அனுப்பினார்கள். நீ சென்னைக்குத் திரும்பிப்போக வேண்டியிருந்தது. நான்தான் போகச் சொன்னேன். அதன் பிறகு நம் தெரு என் காலைத் தத்தெடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுச் செல்வியை உனக்குத் தெரியும். தினமும் ஒரு தூக்கில் குழம்பு கொண்டுவருவாள். கோடையில் தண்ணி லாரி வந்தால் முதல் ஆள் அவள்தான். ஒரு கையில் சேலை, ஒரு கையில் குடம். அவள் ஓடுவதைப் பார்க்க ஆண்கள் வாசலுக்கு வருவார்கள், கிண்டல் செய்ய அல்ல, ஆச்சரியப்பட. தன் குடத்தை வைத்துவிட்டு வந்து என் குடத்தையும் நிரப்புவாள். எதிர்வீட்டு ஜெசிந்தா வெள்ளிக்கிழமைகளில் ஜெபம் செய்வாள். என் முழங்காலுக்குக் கீழே கைவைத்து, கண்ணை மூடிக்கொண்டு. அவள் கை சூடாக இருக்கும். எல்லோரும் வருவார்கள். எல்லோரும் கட்டிலின் கால்மாட்டில் உட்காருவார்கள். தலைமாட்டில் யாரும் உட்காரவில்லை.

நன்றி கெட்டவள் என்று நினைக்காதே. அவர்கள் இல்லையென்றால் நான் எழுந்திருக்கமாட்டேன். ஆனால் நன்றி ஒரு களைப்பு. தினமும் யாரையாவது பார்த்துச் சிரிக்க வேண்டும். தூக்கைக் கழுவித் தரக்கூட விடமாட்டார்கள்.

வாக்கர் போய், கைத்தடி வந்து, கைத்தடியும் போனது. மறுபடி பள்ளிக்குப் போனேன். மணி அடித்து மாணவிகள் எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு சாயங்காலம், கொடிக்கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை ஓடிப் பார்த்தேன். ஓட்டம் என்று நான் சொல்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது அவசர நடை. இடது கால் எப்போதும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தரைக்கு வரும். வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட வந்தவர் நின்று பார்த்தார்.

"டீச்சர், யாரு தொரத்துறா?"

"யாருமில்லையே."

"அப்ப எதுக்கு ஓடுறீங்க?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வி பஸ்ஸில் வீடுவரை வந்தது. பல நாட்கள் ஓடினேன். தொட்டிவரை, பிறகு தொட்டியைச் சுற்றி, பிறகு சுவர் ஓரமாக முழு மைதானம். கம்பி உள்ளே குளிர்ந்து கிடக்கும். வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. தனியாக ஓடினால் எவ்வளவு வேகம் என்று தெரியாது. பக்கத்தில் இன்னொருவர் ஓட வேண்டும். அவர் என்னைத் தாண்டிப் போக வேண்டும். அப்போதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியும். யாரும் என்னைத் தாண்டிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. எல்லோரும் எனக்காக நின்றுகொண்டே இருந்தார்கள்.

டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. விடியும் நேரத்தில் கொல்லைக் கதவு திறந்துகொண்டது. முதுகைக் கொடுத்து அதைச் சாத்தி, அப்படியே நின்றேன். இரண்டு காலிலும் சமமாக நின்றேன். வெளியே முருங்கை முறிந்தது, பிறகு வேம்பு, பிறகு எது எதுவென்று தெரியவில்லை. காற்று நின்ற பிறகுதான் கால் என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. உனக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. லைன் இல்லை. மறுநாள் நீ யார் பைக்கிலோ தொற்றிக்கொண்டு, விழுந்த மரங்களைத் தாண்டி, சேற்றோடு வாசலில் வந்து நின்றாய். கால் எப்படிம்மா இருக்கு என்றாய். நான் கதவைப் பற்றிச் சொல்லவில்லை.

இந்த வருடம் பொங்கல் விளையாட்டு வேண்டாம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். பாதி வீடுகளில் ஓடு இல்லை. செல்விதான் விடவில்லை. "புயலே வந்துட்டுப் போயிடுச்சு. பொங்கல் வந்தா மட்டும் வாணாமா?" என்றாள். மரங்கள் போய்விட்டதால் தெரு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெள்ளையாகக் கிடந்தது. அவ்வளவு வெயிலை நம் தெருவில் நான் பார்த்ததில்லை. புயலில் சாய்ந்த கரண்ட் கம்பத்தில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைச் செல்வியின் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மைக். அவருக்கு ஜெராக்ஸ் கடையில் பேச ஆள் கிடைப்பதில்லை. வருடம் முழுவதும் சேர்த்துவைத்ததை அன்று பேசுவார்.

பெண்களுக்கான ஓட்டப்பந்தயம் என்று அவர் சொன்னதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கோட்டில் நின்றேன்.  எல்லோரும் கைதட்டினார்கள். ஓடுவதற்கு முன்பே கைதட்டல். அதில் ஏதோ சரியில்லை என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்குள் சத்தம் அதிகமாக இருந்தது. கடைசியில் வந்தாலும் போதும் என்று நினைத்தேன். எனக்குக் கடைசி இடம்தான் வேண்டியிருந்தது. அதுவும் ஒரு இடம்தானே. வரிசைக்குள் இருக்கிற இடம்.

விசில்.

முதலில் வெயில். பிறகு என் மூச்சு. இரண்டு பக்கமும் கொலுசுச் சத்தம், வளையல் சத்தம், யாரோ அடக்கிய சிரிப்பு. இடது கால் யோசித்தது, வந்தது, யோசித்தது, வந்தது. அடகுக்கடை போனது. ஜெசிந்தா வீட்டுப் படி போனது. கயிறு தெரிந்தது. எனக்கு முன்னால் யாருமே இல்லை.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் அதை நம்பினேன். அந்த நொடியை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. பிறகு பக்கவாட்டில் பார்த்தேன். செல்வி. தண்ணி லாரிக்கு ஓடுகிற செல்வி. முழங்கையை வேகமாக ஆட்டிக்கொண்டு, கால்களைச் சின்னச் சின்னதாக எடுத்துவைத்து, நின்ற இடத்தில் ஓடுகிறவள்போல் என்கூடவே வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜெசிந்தாவும் மற்றவர்களும் அதேபோல. எல்லோருடைய முகத்திலும் ஒரே சந்தோஷம். பேசிவைத்திருக்கிறார்கள்.

கயிற்றுக்கு நாலடி முன்னால் நான் நின்றேன்.

அவர்களும் நின்றார்கள். என்னைத் தாண்டி எப்படிப் போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மைக்கில் செல்வியின் வீட்டுக்காரர், "இதோ டீச்சர் முதலிடத்தை நோக்கி... முதலிடத்தை நோக்கி... டீச்சர் நின்னுட்டாங்க. எல்லாரும் நின்னுட்டாங்க" என்றார். தெரு சிரித்தது.

"இன்னா டீச்சர், கால் புடிச்சிக்கிச்சா?" என்றாள் செல்வி.

"கால் நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் என்னா? நாலடிதான், போங்க."

"நீ போ."

"நான் எப்பிடிப் போறது?"

"ஏன், உனக்குக் கால் இல்லியா?"

ஜெசிந்தா தலையில் கைவைத்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன். டீச்சருக்குத் தெரிஞ்சிடும், வாணாம்னு சொன்னேன். யாராவது கேட்டீங்களா?"

செல்வியின் முகம் சுருங்கியது. "ஒண்டியா இருக்கீங்க. புயல்லயும் ஒண்டியாவே கெடந்தீங்க. ஒரு தபா ஜெயிக்கட்டுமேன்னு பாத்தோம். அது ஒரு குத்தமா?"

குற்றமில்லை. அதுதான் கஷ்டம். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வேறொரு நாளாக இருந்தால் அந்த நாலடியை எடுத்துவைத்துவிட்டு, பரிசை வாங்கிக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்திருப்பேன். இரண்டு வருடம் அதைத்தானே செய்தேன். அன்று முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முந்தியது என்று தெரியவில்லை. "திரும்ப ஓடலாம். நெஜமா ஓடுங்க" என்றேன். என் குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது.

செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எம் பொண்ணு ரெண்டு வருஷமா உங்ககிட்ட டியூஷன் படிக்குது. ஒரு மார்க்காவது சும்மா போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அரை மார்க்கு?"

"இல்ல."

"சரி வாங்க. அப்பறம் அழுவக்கூடாது."

மறுபடி கோடு. மறுபடி விசில். நான் இரண்டாவது அடி வைப்பதற்குள் செல்வியின் முதுகு தெரிந்தது. பிறகு ஜெசிந்தாவின் முதுகு. பிறகு மற்ற எல்லா முதுகுகளும். எவ்வளவு அழகு தெரியுமா. இரண்டு வருடமாக நான் மனிதர்களின் முகத்தை மட்டுமே பார்த்திருந்தேன், கவலையோடு என்னை நோக்கிக் குனிந்த முகங்கள். இப்போது முதுகுகள். பின்னல்கள் ஆடின, செருப்பில்லாத குதிகால்கள் மேலே வந்து போயின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் தூரமாகிக்கொண்டே போனார்கள். சின்னதானார்கள். நான் ஜெசிந்தா வீட்டுப் படியைத் தாண்டும்போது அந்தப் பக்கம் கூச்சல் எழுந்தது. செல்வி ஜெயித்திருப்பாள்.

அதன் பிறகும் எனக்குப் பாதித் தெரு இருந்தது.

அந்தப் பாதித் தெருவைத்தான் உனக்குச் சொல்ல நினைக்கிறேன். வெயில். என் மூச்சு. கம்பி. முன்னால் கூட்டம் ஏற்கனவே கலைந்து, அடுத்த போட்டிக்கு நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தது. மைக்கில் வேறு யார் பெயரையோ கூப்பிட்டார்கள். செல்வியின் வீட்டுக்காரர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நாற்காலி எண்ணப் போய்விட்டார். கம்பத்திலிருந்து சரிந்து அது புழுதியில் கிடந்தது. நான் அதைத் தாண்டினேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு நாய் பார்த்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் நடுங்கியது, இரண்டு காலும். அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. உன் அப்பா போன அன்றுகூட இல்லை. ஆனால் அது என்னுடைய தனிமை. யாரும் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்ததல்ல.

பங்கேற்ற எல்லோருக்கும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுத்தார்கள். பாத்ரூமில் இருக்கிறது. பச்சை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. செல்வி அதன் பிறகு சில நாட்கள் பேசவில்லை. தூக்கு வரவில்லை. சாயங்காலங்களில் பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை மட்டும் வரும். நான் பருப்பு வைத்துச் சாப்பிட்டேன். தவறு செய்துவிட்டேனோ என்று தோன்றியது. அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பிறகு ஒரு காலையில் தண்ணி லாரி வந்தது. புயலுக்குப் பிறகு மோட்டார் ஓடாததால் மறுபடி லாரி. என் குடம் வாசலிலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. செல்வி தெருமுனையிலிருந்து கத்தினாள். "டீச்சர், இன்னும் இன்னா வூட்டுக்குள்ள? ஓடியாங்க. இல்லாட்டி தண்ணியில்ல. நான் புடிச்சி வெக்கமாட்டேன், சொல்லிட்டேன்." ஓடினேன். அரைக் குடம் கிடைத்தது. வரும் வழியில், "அர மார்க்கு" என்றாள்.

உனக்கு நினைவிருக்காது. அப்பாவும் இருந்த காலம். உனக்கு ஐந்தோ ஆறோ. தேவனாம்பட்டினம் கடற்கரையில், சுண்டல் வண்டிவரை ஓடலாம் என்று நீ சொன்னாய். நான் உனக்குப் பின்னால் மூச்சு வாங்குவதுபோல் நடித்துக்கொண்டு வந்தேன். நீ ஜெயித்தாய். திரும்பிப் பார்த்தாய். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். "நீ பொய்யா ஓடுன" என்றாய். சுண்டலைத் தொடவில்லை. பஸ்ஸில் அப்பா மடியில்தான் உட்கார்ந்து வந்தாய். அந்தச் சின்னப் பையனுக்குத் தெரிந்தது இந்தப் பெரிய பையனுக்கு எப்படி மறந்தது?

ஜெர்மனியை நீ விட்டது எனக்காக என்று திவ்யா சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில், ஆபீசில் வேலையில்லை என்று சொல்லிக்கொண்டு நீ பஸ் ஏறி வருகிறாய். எனக்குப் பக்கத்திலேயே, சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து, முழங்கையை மட்டும் வேகமாக ஆட்டிக்கொண்டு. உன் முகத்திலும் செல்வி முகத்திலிருந்த அதே அன்பு. அதனால்தான் உன்மேல் கோபப்பட முடியவில்லை. அதனால்தான் நான் நிற்க வேண்டியிருக்கிறது.

போ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போகாதே என்று எழுதவும் கை போகிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ போனால் சனிக்கிழமைகள் நீளமாகும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற ஆட்டோச் சத்தத்துக்குக் காது தானாகத் திரும்பும், பிறகு அதுவும் பழகும். எனக்கு ஏதாவது ஆனால் நீ வந்துசேர நேரமாகும். அதையெல்லாம் யோசித்துவிட்டேன். கணக்கு டீச்சர், விடையை மட்டும் எழுதமாட்டேன், வழிமுறையும் வேண்டும். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை ஆபீசில் போய்க் கேள். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று திவ்யாவே சொன்னாள். அவளையும் கூட்டிக்கொண்டு போ.

உன் முதுகு எப்படி இருக்கும் என்று நான் பார்த்து வெகுநாளாகிறது. நான் பின்னால் வந்துகொண்டிருப்பேன். இடது கால் கொஞ்சம் யோசிக்கும், வந்துவிடும். அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்காதே. கீழே போட்டுவிட்டுப் போ. நான் தாண்டிக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் நீ போன் செய்வாய். செய். முதலில் வேறு ஏதாவது கேள்.

தெருமுனையில் ஹாரன். தண்ணி லாரி. செல்வி இதற்குள் பாதித் தெரு போயிருப்பாள். ஓட வேண்டும்.